இருமுனைக் கோளாறும் மூளையின் வெண்பொருளும்

மனநலப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் சிலர், மருத்துவர் எதுவும் கேட்பதற்கு முன்பே ஸ்கேன் உறையை மேசைமீது வைத்துவிடுகின்றனர். தலைவலிக்காகவோ தலைச்சுற்றலுக்காகவோ எப்போதோ எடுத்த எம்.ஆர்.ஐ. அது. எல்லாம் இயல்பாக உள்ளது என்று கூறும் அறிக்கையின் நடுவே, வெண்பொருளில் சில சிறு புள்ளிகள் காணப்படுவதாகவும் அவற்றுக்குக் குறிப்பான காரணம் சொல்ல இயலாது என்றும் ஒரு வரி இருக்கும். வீட்டில் யாரேனும் அந்த வரியைக் கைப்பேசியில் தேடிப் பார்த்திருப்பார். அன்று முதல் வீட்டில் ஒருவருக்கும் உறக்கம் இராது. "மூளை தேய்கிறதா, டாக்டர்? இனிப் பழையபடி ஆகமாட்டானா?" என்பதே அவர்களின் முதற்கேள்வி.

இதற்கு நேர்மாறான கேள்வியையும் அதே அறையில் கேட்கிறோம். "ஆறு மாதமாக நன்றாக இருக்கிறாள். நேரத்துக்குத் தூங்குகிறாள், வேலைக்குப் போகிறாள். இன்னும் மாத்திரை எதற்கு?" ஒன்று அச்சத்தில் பிறப்பது, மற்றொன்று நிம்மதியில் பிறப்பது. இரண்டையும் விளங்கிக்கொள்ள மூளையின் வெண்பொருளைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது உதவும். இத்துறையில் இதுவரை அறியப்பட்டவற்றையும், அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று நிலைகள்

இருமுனைக் கோளாறு உடையவர் வாழ்நாளில் வெவ்வேறு மனநிலைகளைக் கடந்து செல்கிறார். எழுச்சி நிலையில் உறக்கம் குறைந்தும் களைப்புத் தெரியாது, பேச்சும் எண்ணமும் விரைவுபடும், செலவு கட்டுமீறும், சினம் எளிதில் மூளும். சோர்வு நிலையில் இவை தலைகீழாகும். விருப்பம் வற்றும், உடல் கனக்கும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் சிலருக்கு எழும். இவ்விரண்டுக்கும் இடையே வாரங்கள், மாதங்கள், பலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும் சமநிலை உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உலகில் 4 கோடிப் பேர் இக்கோளாறுடன் வாழ்ந்தனர். உங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்துவிட்ட ஒன்று என்று எண்ண வேண்டியதில்லை.

வெண்பொருள் என்பது யாது?

மூளையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், வெளிப்புறத்தில் சாம்பல் நிறமான மெல்லிய பட்டையும் உட்புறத்தில் வெண்மையான பெரும்பகுதியும் தெரியும். சாம்பல் நிறப் பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள் உள்ளன. அவற்றிலிருந்து புறப்பட்டு மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றுடன் இணைக்கும் நீண்ட இழைகளே வெண்பொருள். மூளையின் கனஅளவில் ஏறத்தாழப் பாதி இவ்விழைகளுக்கே உரியது. இருபது வயதினர் ஒருவரின் மூளையிலுள்ள இவ்விழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு வரும் என்று கணக்கிட்டுள்ளனர். அது பூமியை மூன்று முறைக்கு மேல் சுற்றிவரும் நீளம்.

வெண்மைக்குக் காரணம், இழைகளைச் சுற்றியுள்ள மயலின் எனப்படும் கொழுப்புறை. மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை செய்யும் வேலையை அது ஓரளவு செய்கிறது; ஆயினும் அதன் பயன் காப்போடு நிற்பதில்லை. உறையற்ற மெல்லிய நரம்பிழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் தொலைவு செல்லும். நல்ல உறையுடைய பருத்த இழையில் அது நொடிக்கு 100 மீட்டர் வரை செல்லக்கூடும். உணர்ச்சியை எழுப்பும் பகுதியும், அதனை அளந்து அடக்கும் முன்மூளைப் பகுதியும் உரிய நேரத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டுமாயின் இந்த வேகம் இன்றியமையாதது.

இவ்வுறை பிறவியிலேயே முழுமையாக அமைவதன்று. குழந்தைப் பருவத்தில் விரைந்து வளர்ந்து, முன்மூளைப் பகுதிகளில் இருபதுகளின் பிற்பகுதி வரைக்கும் மெல்ல முதிர்ச்சி அடைகிறது. இருமுனைக் கோளாறு பெரும்பாலும் தலைகாட்டுவதும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலுமே. இந்தப் பொருத்தம் தற்செயலானதாக இராது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிள்ளை கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் நோய் தொடங்கியதற்கு அக்கல்லூரியையோ, வீட்டுக் கண்டிப்பையோ, தம்மையோ பழித்துக்கொள்ளும் பெற்றோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

இருவகை மாற்றங்கள்

வெண்பொருள் மாற்றம் என்ற ஒரே சொல்லால் இருவேறு செய்திகள் குறிக்கப்படுவதால் பெருங்குழப்பம் நேர்கிறது. அவற்றைப் பிரித்தறிவது நல்லது.

முதலாவது, தொடக்கத்தில் கூறிய புள்ளிகள். வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்ணிறத் துளிகளாக இவை தென்படும். இருமுனைக் கோளாறு உடையோரிடம் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதை 1980களின் இறுதியிலேயே ஆய்வாளர்கள் கவனித்தனர். பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அது உறுதிப்பட்டது. எனினும் இப்புள்ளிகள் இந்நோய்க்கே உரியவை அல்ல. வயது ஏறும்போது எவருக்கும் தோன்றும். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், ஒற்றைத் தலைவலி ஆகியவை உள்ளோருக்கு விரைவில் தோன்றும். இருமுனைக் கோளாறு உடையோரிடம் இந்த உடல்நலக் குறைகளும் மிகுதி. ஆகவே குறிப்பிட்ட ஒருவரின் படத்தில் காணும் நான்கைந்து புள்ளிகளுக்கு மனநோய் காரணமா, கவனிக்கப்படாத இரத்த அழுத்தம் காரணமா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அறிக்கை எழுதும் மருத்துவர் 'குறிப்பான காரணம் சொல்ல இயலாது' என்று எழுதுவது இதனாற்றான். அச்சொற்றொடர் எதையோ மறைப்பதற்காக எழுதப்படுவதன்று.

இரண்டாவது வகை கண்ணுக்குத் தெரியாதது. அதனை அளக்க, நீரின் அசைவைப் பின்தொடரும் தனிவகை எம்.ஆர்.ஐ. முறை பயன்படுகிறது, 1994இல் அது வகுக்கப்பட்டது. அதன் அடிப்படை எளியது. அசையாத நீரில் ஒரு சொட்டு மை விட்டால் எல்லாப் பக்கமும் ஒருசேரப் பரவும். விளக்குத் திரியில் எண்ணெய் பட்டாலோ நூலின் நெடுக்கேதான் ஏறும். மூளையிலுள்ள நீர் மூலக்கூறுகளும் அவ்வாறே. நரம்பிழைகள் நெருக்கமாகவும் சீராகவும் உறையோடும் இருக்குமிடத்தில் நீர் இழையின் போக்கிலேயே நகரும். அமைப்புத் தளர்ந்த இடத்தில் பக்கவாட்டிலும் கசியும். இந்தத் திசைச்சார்பு 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகக் கணக்கிடப்படுகிறது.

இம்முறையில் இருமுனைக் கோளாறு உடையோரையும் இல்லாதோரையும் ஒப்பிட்ட பெரும் பன்னாட்டுத் தொகுப்பாய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. பல நாடுகளில் எடுக்கப்பட்ட 3,033 பேரின் படங்கள் அதில் ஒன்றாக ஆராயப்பட்டன. நோயுற்றோர் குழுவின் சராசரி அளவு மூளையின் பல பகுதிகளில் சற்றுக் குறைவாக இருந்தது. இரண்டு இடங்களில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஒன்று, இடப்புற மூளையையும் வலப்புற மூளையையும் இணைக்கும், ஏறத்தாழ 20 கோடி இழைகள் கொண்ட கார்ப்பஸ் கலோசம் என்னும் பாலம். மற்றொன்று, அப்பாலத்தின் மேல் வளைந்தோடும் சிங்குலம் என்னும் கற்றை. இலத்தீனில் அச்சொல்லுக்குக் கச்சை என்று பொருள். உணர்ச்சி, கவனம், நினைவு ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகளை இக்கற்றை கோத்து நிற்கிறது.

'சராசரி', 'சற்று' என்னும் இரு சொற்களையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இரு குழுக்களின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. நோயுள்ள பலரின் அளவு, நோயற்றவர்களின் சராசரியைவிட மேலாகவும் இருக்கும். எனவே ஸ்கேன் எடுத்து இவருக்கு இருமுனைக் கோளாறு உண்டு அல்லது இல்லை என்று சொல்லும் நிலை இன்று எங்கும் இல்லை. அவ்வாறு சொல்லிக் கட்டணம் கேட்கும் எவரையும் நம்பிவிட வேண்டாம். நோயை அறிவது இன்றும் நோயாளரோடும் குடும்பத்தோடும் பொறுமையாகப் பேசித்தான். எம்.ஆர்.ஐ. கேட்கப்படுவது கட்டி, பக்கவாதம், தொற்று போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்வதற்காக. குறிப்பாக, நடுவயதைக் கடந்தபின் ஒருவருக்கு முதன்முறையாக எழுச்சி நிலை தோன்றினால் அச்சோதனை தேவைப்படும்.

மனநிலை மாறும்போது வெண்பொருளும் மாறுகிறதா?

இக்கேள்வியே ஆய்வாளர்களை நெடுநாளாக ஈர்த்து வருகிறது. ஆற்றுப்பாசன ஊர்களில் வளர்ந்தவர்கள் இதனை வாய்க்காலைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம். மழைக்கும் கோடைக்கும் ஏற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும். கரையில் ஏற்பட்ட அரிப்பு அப்படியே இருக்கும். வெண்பொருளில் காணும் குறைவு நீர்மட்டத்தைப் போன்றதா, கரையைப் போன்றதா?

கரையைப் போன்றது என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. நோய்க்குறி எதுவுமின்றிச் சமநிலையில் இருப்போரைப் படம் எடுத்த ஆய்வுகளிலும் அந்தக் குறைவு காணப்பட்டது. நோய் தோன்றாத உடன்பிறந்தோர், பிள்ளைகள் சிலரிடமும் அதன் மெல்லிய சாயல் தென்பட்டதாகச் சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அப்படியானால் அதில் ஒரு பகுதி நோயின் விளைவு அன்று; நோய்க்கு முன்பே அமைந்த உடற்கூறு. உயரமும் நிறமும் குடும்பவழி வருவதுபோல வெண்பொருளின் அமைப்பும் பெருமளவு மரபுவழி வருவதே.

நீர்மட்டத்தைப் போன்ற பகுதியும் இருக்கலாம். சோர்வு நிலையில் இருந்தோரிடம், சமநிலையில் இருந்தோரைவிடக் கூடுதல் பரப்பில் குறைவு காணப்பட்டதாகச் சில குழுக்கள் அறிவித்துள்ளன. எழுச்சி நிலையில் வேறொரு பாங்கு தெரிந்ததாகவும் கூறியுள்ளன. வேறு சில ஆய்வுகளிலோ மூன்று நிலைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. நீரசைவை அளக்கும் எண் குறைவதற்கு மயலின் சிதைவு மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. திசுவில் சிறிதளவு நீர் மிகுந்தாலும், மெல்லிய அழற்சி இருந்தாலும் அவ்வெண் இறங்கும். அவை வந்துபோகக் கூடியவை.

முடிவுகள் ஏன் இவ்வளவு முரண்படுகின்றன என்பது நோயாளரை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். நீர் அசைவை அளக்கும் படத்துக்குப் பல நிமிடங்கள் தலையை இம்மியும் அசைக்காமல் குறுகிய குழாய்க்குள் படுத்திருக்க வேண்டும். எழுச்சியின் உச்சத்தில் இருப்பவரால் நாற்காலியில்கூட அமர முடியாது. அப்படியே படுத்தாலும் தலை சற்று அசையும். அந்த அசைவே அளவைக் குறைத்துக் காட்டிவிடும். கடும் நிலையில் உள்ளவர் ஆய்வுக்கு முழுமனத்துடன் ஒப்புதல் தரும் நிலையில் இருக்கிறாரா என்ற அறக்கேள்வியும் உண்டு. இதனால் பெரும்பாலான ஆய்வுகள் ஒரே நபரை மூன்று நிலைகளிலும் தொடர்ந்து பார்க்கவில்லை. எழுச்சியில் இருக்கும் சிலரையும், சோர்வில் இருக்கும் வேறு சிலரையும், சமநிலையில் இருக்கும் மற்றும் சிலரையும் ஒப்பிட்டன. அங்கே காணும் வேறுபாடு மனநிலையால் வந்ததா, ஆள் வேறுபாட்டால் வந்ததா என்று பிரிப்பது கடினம். ஒரே நபர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளே இதனைத் தீர்க்க வல்லவை.

இன்றைய நிலையில் எங்கள் மதிப்பீடு இதுதான்: சமநிலையிலும் நீடிக்கும் மெல்லிய அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. அதன்மேல் மனநிலைக்கேற்ப ஏறியிறங்கும் பகுதி இருக்க வாய்ப்பு உண்டு. அது இன்னும் உறுதிப்படவில்லை.

மூளை தேய்கிறதா?

வெண்பொருள் ஒருமுறை கெட்டால் கெட்டதே என்ற பழைய கருத்து இன்று நிற்பதில்லை. 2009இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பந்துகளை மாறி மாறித் தூக்கிப் பிடிக்கும் வித்தையை 6 வாரங்கள் பயின்ற பெரியவர்களின் மூளையில் வெண்பொருள் அளவு உயர்ந்ததைக் கண்டனர். வளர்ந்த மூளையிலும் பயிற்சிக்கேற்ப இழைகளின் அமைப்பு மாறுகிறது என்பதற்கு அது நல்ல சான்று. இருமுனைக் கோளாறுக்குப் பந்து விளையாட்டு மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வெண்பொருள் கல்லில் செதுக்கியதன்று என்பதே இதன் செய்தி.

லித்தியம் பற்றியும் கூற வேண்டும். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுச்சி நிலைக்கு அது பயன்படுவதை அறிவித்தார். இன்றளவும் இக்கோளாறின் முதன்மை மருந்துகளில் அது ஒன்று. மேற்கூறிய 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், லித்தியம் உட்கொண்டோரின் வெண்பொருள் அளவு, நோயுற்ற ஏனையோரைவிட மேம்பட்டிருந்தது. மயலினை உருவாக்கும் உயிரணுக்களை லித்தியம் ஊக்குவிப்பதாக ஆய்வகச் சோதனைகளும் காட்டியுள்ளன. லித்தியம்தான் வெண்பொருளைக் காத்தது என்று இவற்றைக் கொண்டு அறுதியிட முடியாது. லித்தியத்துக்கு நன்கு இணங்குவோரின் மூளை முதலிலிருந்தே வேறாக அமைந்திருக்கவும் கூடும். ஆயினும், 'மாத்திரைதான் மூளையைக் கெடுக்கிறது' என்று அக்கம்பக்கத்தார் சொல்லும்போது, லித்தியத்தைப் பொறுத்தவரை கிடைத்த சான்றுகள் எதிர்த்திசையிலேயே உள்ளன என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?

மனநிலை தெளிந்தபின்னும் அடிப்படை வேறுபாடு மறைவதில்லை என்று கண்டோம். நோய் மீண்டும் எழும் வாய்ப்பும் அவ்வாறே மறைவதில்லை. சமநிலை என்பது பெரும்பாலும் மருந்தும் உறக்கமும் ஒழுங்கும் சேர்ந்து காத்துவரும் நிலை. லித்தியத்தைத் திடீரென நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களுக்குள்ளேயே நோய் திரும்பும் அபாயம் மிகுதி என்பது நன்கு அறியப்பட்டது. அப்படித் திரும்பும் ஓர் அலையில் குடும்பம் எதை இழக்கும் என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை: வேலை, படிப்பு, சேமிப்பு, சில வேளைகளில் உயிர். மாத்திரை தொல்லை தருகிறது என்றால், அளவைக் குறைக்கவும் வேறு மருந்துக்கு மாற்றவும் வழிகள் உண்டு. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே தெரிவித்தால் அதற்கேற்பத் திட்டமிடலாம். மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்துவதே ஆபத்து.

லித்தியம் எடுத்துக்கொள்வோர் நம் ஊர்க் கோடையை மறந்துவிடக் கூடாது. கத்திரி வெயிலில் வியர்த்து உடல்நீர் குறைந்தாலும், வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலும், பத்தியம் என்று உப்பைத் திடீரெனக் குறைத்தாலும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் அதனை ஏற்றும். கைந்நடுக்கம் மிகுதல், வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தத்தில் லித்தியத்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகிய சோதனைகளைக் குறித்த காலத்தில் செய்துகொள்வதும் இதற்காகவே. லித்தியம் அளவுக்கான இரத்தத்தைக் கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும்.

நோய் தெளிந்தபின்னும் சிலருக்குக் கவனம் சிதறுவதும், முன்பு அரை மணியில் முடித்த வேலைக்கு ஒரு மணி ஆவதும் உண்டு. எண்ணத்தின் வேகத்துக்கும் வெண்பொருளின் சீருக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இதனைச் சோம்பல் என்று வீட்டார் எண்ணிவிடுவது நோயாளரை மிகவும் புண்படுத்துகிறது. "சாப்பிடுகிறான், தூங்குகிறான், வேலைக்குப் போனால் என்ன?" என்ற கேள்வியைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். சிறு பொறுப்புகளில் தொடங்கி மெல்லக் கூட்டினால் பெரும்பாலோர் முன்னேறுகின்றனர்.

வெண்பொருளின் நலனுக்கு நாம் உறுதியாகச் செய்யக்கூடியவை மனநல மருந்துகளுக்கு வெளியே உள்ளன. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், புகையை விடுதல், அன்றாடம் நடத்தல், ஒரே நேரத்தில் உறங்கி எழுதல் ஆகியவையே அவை. மனநோய் உள்ளவரின் இரத்த அழுத்தத்தைப் பலர் அளந்தே பார்ப்பதில்லை. மன அறிகுறிகளின் பரபரப்பில் உடல் மறக்கப்படுகிறது. முப்பது வயதில் புள்ளிகள் தென்பட்டால், முதலில் இரத்த அழுத்தக் கருவியையே நாங்கள் எடுக்கிறோம்.

வாழ விருப்பமில்லை என்று நோயாளர் சொன்னால், எந்தச் சோதனை முடிவுக்காகவும் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். இரவாக இருந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் கிடைக்கும்.

ஸ்கேன் உறையை வைத்திருங்கள், எறிந்துவிட வேண்டாம். பின்னாளில் மற்றொரு படம் எடுக்க நேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும். அடுத்த முறை வரும்போது அதனுடன், தற்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், மருந்துக்கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.